வாயில்லா ஜீவன்களும் வாய் திறக்காத் தொழிலாளிகளும்

தில்லியின் கிழக்குக் கிட்வாய் நகரை இருபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த தோழர்கள் இன்று வந்தால் வழி தவறிவிடுவார்கள். ஒன்றிய அரசு ஊழியர்கள் வாழ்ந்த தாழ்ந்த குடியிருப்புகளும் அவற்றின் முற்றத்து மரங்களும் போய்விட்டன. என்.பி.சி.சி. நிறுவனம் எழுப்பிய அடுக்குமாடிக் கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. பழைய வீடுகளில் தெருநாய் ஒன்று வாசற்படியில் படுத்திருக்கும். மிஞ்சிய சப்பாத்தி அதற்குக் கிடைக்கும். இப்போது லேப்ரடாரும் ஷிட்ஸூவும் லிப்டில் இறங்கி வருகின்றன. அவற்றுக்கான தனியார் மருத்துவ மனைகள் சுற்றுவட்டாரச் சந்தைகளில் முளைத்துள்ளன. மாலை ஏழு மணிக்கு அவற்றில் ஒன்றின் முன் நின்றால், மனிதர்களுக்கான மருந்தகத்தைவிட அதிகக் கூட்டத்தைக் காணலாம்.

அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் பெயரும் மருத்துவ மனையின் பெயரும் இங்கே வேண்டாம். அவருடைய வேலை நிலைக்க வேண்டும். எல்லோரும் அவரைக் ‘கம்பவுண்டர்’ என்கிறார்கள். பூர்வீகம் விழுப்புரம் பக்கம். பிறந்து வளர்ந்தது ஜங்புரா மதராசி கேம்ப்பில். 2025 ஜூன் 1 அன்று, பாராபுல்லா வடிகாலைச் சீர்செய்வதாகச் சொல்லி நீதிமன்ற ஆணையின் பேரில் இடிக்கப்பட்ட அதே குடியிருப்புதான். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் தரைமட்டமாயின. தகுதியுள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. இவருடைய குடும்பம் அவற்றுள் ஒன்று. முன்பு கால் மணி நேரத்தில் வேலைக்கு வந்தவர், இப்போது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறார். அவருடைய தாயார் கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகளில் வீட்டு வேலை பார்த்தவர். அந்த வீட்டு நாய்களை நடத்திச் செல்லும் சிறுவனாகத் தொடங்கியவர்தான் இந்த இளைஞர்.

அவர் செய்யும் வேலையைச் சில மாலைகள் உட்கார்ந்து கவனித்தேன். பயத்தில் நடுங்கும் நாயின் முன்னங்காலில் முடியை மழித்து, கட்டை விரலால் நரம்பை எழுப்பி, கானுலாவைச் செலுத்துகிறார். கடிக்க வரும் நாயின் வாயைக் கட்டுத்துணியால் நொடியில் கட்டுகிறார். பூனையைப் பிடிப்பது வேறொரு கலை. இறுகப் பிடித்தால் சீறும், தளரப் பிடித்தால் தப்பும். எடை பார்த்து மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வார், மருத்துவர் தலையசைப்பார். அறுவைச் சிகிச்சையின்போது மயக்கத்தில் கிடக்கும் விலங்கின் மூச்சையும், ஈறின் நிறத்தையும், கண்ணிமையின் அசைவையும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். ஈறு வெளுத்தால் முதலில் கண்டுகொள்வதும் அவர்தான். கருவிகளைக் கொதிகலத்தில் இட்டுக் கிருமி நீக்குவது, எக்ஸ்ரே எடுப்பது, பார்வோ நோயில் இரத்தமாகக் கழியும் குட்டிக்கு இரவெல்லாம் சலைன் ஏற்றுவது, பிறகு அந்தக் கூண்டைப் பிளீச்சிங் கரைசலால் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. காலை ஒன்பதுக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குப் போகிறார்.

மனிதனோடு பழகிய நாயும் குதிரையும் மனிதப் பேச்சுக்குச் செவி பழகியவை என்று ஏங்கல்ஸ், குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பது தோழர்களுக்கு நினைவிருக்கும். எதிர்த்திசையில் நடப்பதையும் இங்கே கண்டேன். வயிற்றைத் தொட்டவுடன் நாய் மூச்சை இழுத்துப் பிடிக்கிறதா, காதைப் பின்னுக்குத் தள்ளுகிறதா என்று பார்த்து, வலி எங்கே என்று சொல்லிவிடுகிறார். எந்தப் பாடநூலையும் அவர் படித்ததில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு கற்றுத் தந்தது அது.

மாதச் சம்பளம் 13,000 ரூபாய். 2025 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், எந்தப் பயிற்சியும் இல்லாத தொழிலாளிக்கே 18,456 ரூபாய். பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு 22,411 ரூபாய். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது, இருபது பேர் இல்லாததால் வருங்கால வைப்புநிதியும் கிடையாது. தில்லிக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1954-ஆம் ஆண்டிலிருந்தே ஒன்பது மணி நேர வேலை நாளையும் வார விடுமுறையையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரையே அவர் என்னிடமிருந்துதான் முதன்முதலாகக் கேட்டார்.

“நாய்க்கு டாக்டர் பார்ப்பதெல்லாம் பணக்காரர் பிரச்சினை, நமக்கு அதில் என்ன வேலை?” என்று ஒரு தோழர் கேட்டார். இந்தக் கேள்வி நம்மிடையே பரவலாக உள்ளதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நகைக்கடைக்கு வருபவர் செல்வர் என்பதால் பொற்கொல்லர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடுமா? மேலும், இந்த உழைப்பின் பெரும்பகுதி நடப்பது செல்லப்பிராணி மருத்துவ மனைகளில் இல்லை. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 53 கோடியே 57 லட்சம் கால்நடைகள் உள்ளன. நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு ஒரு கறவை மாடும் நான்கு ஆடுகளும்தான் சேமிப்பு வங்கி. அந்த மாட்டுக்குக் கோமாரி வந்தால் முதலில் வருபவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற மருத்துவராக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் கிளை நிலையத்தின் கால்நடை ஆய்வாளரும், மருந்தகத்தின் கால்நடைப் பராமரிப்பு உதவியாளரும்தான் ஊராருக்கு ‘மாட்டு டாக்டர்’.

இவர்களுடைய சாதனை சிறியதன்று. மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. மனித குலம் பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. இந்தியா 2006-இலேயே அந்நோயற்ற நாடாக அங்கீகாரம் பெற்றது. முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் உருவான தடுப்பூசியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் பெட்டியில் சுமந்து, கிராமம் கிராமமாக மாட்டைப் பிடித்து ஊசி போட்டு, புதிதாக நோய் தென்படுகிறதா என்று தொழுவம் தொழுவமாக விசாரித்தவர்களுக்கு எந்த நினைவுச் சின்னமும் இல்லை. வேளாண் ஆய்வு விஞ்ஞானிகளுக்கு ஒரு விருது உண்டு. அதன் பெயர் ரஃபி அகமது கிட்வாய் விருது. இந்தக் குடியிருப்புக்குப் பெயர் தந்த அதே கிட்வாய், 1952 முதல் 1954-இல் மறையும் வரை நாட்டின் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற மருத்துவருக்கே சிகிச்சை உரிமை என்கிறது. அதன் 30-ஆவது பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துள்ளது. பட்டயமோ சான்றிதழோ பெற்ற கால்நடை மேற்பார்வையாளர், உதவியாளர் போன்றோர், மாநில அரசு ஆணையிட்டால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் ‘சிறு கால்நடை மருத்துவப் பணிகளை’ செய்யலாம். தடுப்பூசி போடுவது, காயடிப்பது, புண்ணுக்கு மருந்திடுவது ஆகியவை அதில் அடங்கும். அதோடு சரி. பாடத்திட்டம், பதிவேடு, பணிப்பாதுகாப்பு, பதவி உயர்வு எதைப் பற்றியும் பேச்சில்லை. மனித மருத்துவத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர், கதிரியக்கத் தொழில்நுட்பர் போன்றோருக்காக 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் ஒன்று வந்தது. அதன் நடைமுறை பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு என்றாலும், அவர்களுக்கு ஒரு பெயராவது கிடைத்தது. கால்நடைத் துறைத் தொழில்நுட்பர் அதற்குள் வரவில்லை.

பதவிக்குப் பெயர் தராத ஒன்றிய அரசு, திட்டங்களுக்குப் பெயர் சூட்டுவதில் மட்டும் வள்ளல். ராஷ்டிரிய கோகுல் திட்டத்தின்கீழ் கிராமங்களில் செயற்கை முறைக் கருவூட்டல் செய்வோருக்கு ‘மைத்ரி’ என்று பெயர். நட்பு என்பது பொருள். சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோருக்குப் ‘பசு சகி’. அதாவது கால்நடைத் தோழி. 2022-இல் இவர்களுக்கே ‘ஏ-ஹெல்ப்’ என்ற மற்றொரு பட்டம் வந்தது. நண்பருக்கும் தோழிக்கும் யாராவது சம்பளம் கொடுப்பார்களா? மைத்ரிக்குப் பயிற்சியும் கருவிப் பெட்டியும் கிடைக்கும். அதன்பின் சினை ஊசிக்கு விவசாயியிடம் வாங்கும் கட்டணம்தான் பிழைப்பு. பசு சகிக்குச் செய்த வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகை. ஆஷா, அங்கன்வாடித் தோழர்களுக்கு இந்தத் தந்திரம் நன்கு தெரியும். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013-இல் 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. ஒரு பத்தாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கி வைத்த கோமாரி, கன்று வீச்சு நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்பட்டது. மாட்டுக்கு அடையாள எண் உண்டு. அதை மாட்டியவருக்குப் பல இடங்களில் பணி நியமன ஆணைகூட இல்லை. 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பரவி, ஓராண்டுக்குள் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. அப்போது ஆட்டம்மைத் தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பசுவின் பெயரால் வாக்குக் கேட்கும் கட்சி, பசுவைக் காப்பாற்றும் கைக்கு என்ன தருகிறது என்ற கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

தில்லிக்குத் திரும்புவோம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர் வட்டாரத்தின் தெருநாய்கள் அனைத்தையும் எட்டு வாரங்களுக்குள் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளவற்றையும் கடும் சினமுள்ளவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற ஆணை வந்தது. இந்த மூன்று மாதங்களும் தொலைக்காட்சிகளில் நாய் நேசர்களும் நாய் எதிர்ப்பாளர்களும் தொண்டை வறளக் கத்தினார்கள். பிரச்சினை பொய்யில்லை. 2024-இல் நாட்டில் 37 லட்சம் நாய்க்கடி நிகழ்வுகள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கடிபடுவோரில் பெரும்பாலோர் ஏழைகள், சிறுவர்கள். கிட்வாய் நகருக்குப் பக்கத்திலுள்ள சப்தர்ஜங் மருத்துவமனையின் தடுப்பூசிப் பிரிவில் ஒரு காலை நின்றால் அது விளங்கும்.

ஆனால் எந்த விவாதத்திலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றுண்டு. இத்தனை நாய்களைப் பிடிப்பவர் யார்? மயக்கி, வயிற்றை மழித்து, மேசையில் கட்டி, அறுவைக்குப் பின் காயம் ஆறும் வரை பார்த்து, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுபவர் யார்? மாநகராட்சி இந்த வேலையைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒரு நாய்க்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. நிறுவனம் அதிலிருந்து பிடிப்பவருக்கும் உதவியாளருக்கும் கொடுக்கிறது. வலையும் கயிறும் பிடிப்பவர்களில் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாகத் துப்புரவுக்கும் செத்த மாடு அகற்றவும் தள்ளப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் பேசிய அத்தனை பேரும் உறுதி செய்தார்கள். இரண்டு பக்கமும் வசவு வாங்குபவர்களும் இவர்களே. பிடித்தால் ஒரு வீட்டுக்காரர் அடிக்க வருகிறார். மறுபடி கொண்டுவந்து விட்டால் அடுத்த வீட்டுக்காரர் அடிக்க வருகிறார்.

இந்த இடத்தில்தான் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளின் ஒரு வரியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். அதே சப்தர்ஜங் மருத்துவமனை தொடர்பான வழக்கில், மருத்துவமனை ‘தொழில்’ ஆகாது என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், கேரளத்தில் 1957-இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். முறையான செயற்பாடு, முதலாளி-தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைக்கான பொருள் அல்லது சேவை ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில். இலாப நோக்கம் இல்லை என்பதோ அறப்பணி என்பதோ கூலிக்கு உழைப்பவரின் உரிமையைப் பறிக்காது என்றது அத்தீர்ப்பு. அதை முறியடிக்க 1982-இல் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஆனால் தொழிலுக்கான புதிய வரையறை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, அறப்பணி, சமூகப் பணி, தொண்டுப் பணிகளில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டுள்ள அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. மாநகராட்சி தரும் பணத்தில் நாளெல்லாம் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் காப்பகம், தன்னைத் தொண்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டால் போதும். அங்கே வேலை இழந்த உதவியாளரின் தொழில் தகராறு வாசலிலேயே நிறுத்தப்படும். ஜீவகாருண்யம் விலங்குக்கு, தொழிலாளிக்கு அதன் பெயரால் கதவடைப்பு.

எல்லாமே இருட்டு என்று எழுத நான் விரும்பவில்லை. கையில் இருந்தும் நாம் பயன்படுத்தாத ஆயுதமும் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில் சார்ந்த நோய்களைப் பட்டியலிடும்போது, தொற்றும் ஒட்டுண்ணியும் சார்ந்த நோய்களுக்குக் ‘கால்நடை மருத்துவப் பணி’யை வெளிப்படையாகவே குறிப்பிட்டது; விலங்குகளையும் அவற்றின் சடலங்களையும் கையாளும் வேலையையும் சேர்த்துக்கொண்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்த அட்டவணையை வைத்திருக்கிறது. கன்று வீச்சு நோய் தொற்றி மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடக்கும் சினை ஊசிப் பணியாளர் இழப்பீடு கோர முடியும். அதற்கு அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். நமது இளைஞரிடம் அத்தாள் இல்லை. வெறிநோய்க்கு முன்கூட்டியே போட வேண்டிய தடுப்பூசியும் இத்தொழிலுக்குக் கட்டாயமாக இருக்க வேண்டியது. கிட்வாய் நகர் இளைஞர் அதைப் போட்டுக்கொண்டது, முதல் முறை கடிபட்ட பிறகு.

அவருடைய இடது கையில் எண்ண முடியாத தழும்புகள். ஏன் இதில் இருக்கிறாய், வேறு வேலைக்குப் போகக்கூடாதா என்று கேட்டேன். “அண்ணா, மூணு நாள் கண்ணே திறக்காம கெடந்த குட்டி, நாலாம் நாள் காலையில என்னப் பாத்து வால ஆட்டும். அதுக்கப்புறம் எங்க போறது?” என்றார். இதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்கத் தோன்றவில்லை. உழைப்பின் பலனைத் தன் கண்ணால் காண்பது முதலாளித்துவ உற்பத்தியில் அநேகத் தொழிலாளிகளுக்குக் கிட்டாத ஒன்று. அது அவருக்குக் கிட்டுகிறது. அதைத்தான் நிர்வாகம் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறது. செவிலியருக்கும் ஆசிரியருக்கும் காலங்காலமாகச் சொல்லப்படும் ‘மனநிறைவு’க் கணக்கு இதுதான்.

கடல் கடந்தும் இதே கணக்குத்தான். மிட்டாய் விற்கும் மார்ஸ் நிறுவனம் 2017-இல் அமெரிக்காவின் மாபெரும் கால்நடை மருத்துவ மனைத் தொடரான வி.சி.ஏ.வை வாங்கியது. பிரிட்டனில் நிதி முதலீட்டாளர்கள் சிறு மருத்துவ மனைகளைக் கூட்டங்கூட்டமாக விழுங்கினார்கள். அங்கே தெற்கு வேல்ஸில் வேலி வெட்ஸ் என்ற மருத்துவ மனையின் மருத்துவர்களும் செவிலியர்களும் வரவேற்பாளர்களும் யுனைட் சங்கத்தின் கீழ் 2024-இல் சேர்ந்தே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மருத்துவரும் உதவியாளரும் ஒரே வரிசையில் நின்றது கவனத்துக்குரியது.

தில்லியில் அப்படி நடக்குமா என்றால், எளிதில் இல்லை. இங்கே பல மருத்துவ மனைகளில் முதலாளி என்பவர் கடன் வாங்கிக் கடை போட்ட ஒரு மருத்துவர்தான். அவரும் பெருநிறுவனத் தொடர்கள் வந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர். ஒவ்வொரு இடத்திலும் மூன்று பேர், நான்கு பேர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் நகராட்சிக் கவுன்சிலின் மோதி பாக் கால்நடை மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களில் பணிபுரிவோரும், கருத்தடை மையங்களின் ஒப்பந்தத் தொழிலாளரும், தனியார் மருத்துவ மனை உதவியாளரும் செய்வது ஒரே வேலை. முதலில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவோம். கிட்வாய் நகர், லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர் வட்டாரக் கிளைத் தோழர்கள் இரண்டு ஞாயிறு மாலைகள் ஒதுக்கினால் இந்தப் பகுதியின் பட்டியல் கையில் வந்துவிடும். எல்லோருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி, கையில் ஒரு பணிச் சான்று, வார விடுமுறை என்ற மூன்று கோரிக்கைகளோடு தொடங்கலாம். இவற்றை எதிர்க்க எந்த மருத்துவருக்கும் முகம் இருக்காது. தமிழ்நாட்டுத் தோழர்கள் கால்நடைத் துறையின் காலிப் பணியிடங்களை நிரப்பும் கோரிக்கையோடு மைத்ரிகளையும் பசு சகிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சென்ற வாரம் அந்த இளைஞரிடம் சங்கம் பற்றிப் பேசினேன். நரேலா பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துகொண்டே கேட்டார். சாலையைக் கடக்கும் முன் நின்று, “அண்ணா, நான் ஆஸ்பத்திரி சங்கமா, கடை சங்கமா, இல்ல முனிசிபாலிட்டி சங்கமா?” என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மாவட்டக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.